லெ மான்: விடிய விடிய ஓடும் பந்தயம்



தைப்பூசத்திற்கு முதல்நாள் மாலையே லாரியிலும் பேருந்திலும் ஏறிப் பத்துமலைக்குப் போய், கிடைத்த இடத்தில் பாய் விரித்து, கட்டுச்சோற்றை அவிழ்த்து, பிள்ளைகளை நடுவில் படுக்க வைத்துக்கொண்டு இரவைக் கழித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. படுத்தோமே தவிரத் தூங்கியிருக்க மாட்டோம். நடுநிசியில் ஒரு மேளச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவோம். காவடி ஒன்று போனால் கூடவே நாலடி நடப்போம். திரும்பி வந்து மறுபடியும் தலை சாய்ப்போம்.

பிரான்ஸ் நாட்டின் மேற்குப் பக்கத்தில் லெ மான் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் ஜூன் மாத நடுவில், ஒரு சனிக்கிழமை இரவு, இலட்சக்கணக்கான மக்கள் ஏறக்குறைய இதே கோலத்தில்தான் வெட்டவெளியில் படுத்துக் கிடப்பார்கள். சிறு கூடாரங்களும், கார்களுக்குப் பக்கத்தில் கட்டிய கித்தான் பந்தல்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரியும். சற்றுத் தள்ளி, மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கார்கள் பறந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை மாலை தொடங்கிய ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் முடியும். அதாவது இருபத்து நான்கு மணி நேரம்.

பந்தயம் என்றால் பகலில் நடத்தலாமே, இரவிலும் எதற்கு ஓட்ட வேண்டும்? கார்க்காரர்களின் கழகம் ஒன்று இப்படியொரு பந்தயத்தை ஏன் தொடங்கியது? பார்க்கப் போனவர்கள் வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே கூடாரம் அடிக்கும் வழக்கம் எப்படி வந்தது? அந்த வழக்கத்திற்கு ஓர் ஆண்டில் மக்கள் கொடுத்த விலை என்ன? இவற்றை இன்று நாம் பார்ப்போம். நம் தோட்டங்களுக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. அதை நடுவில் சொல்கிறோம்.

லெ மான் ஊரில் பொல்லே என்ற குடும்பத்தார் கோயில் மணி வார்க்கும் தொழில் செய்துவந்தார்கள். அக்குடும்பத்தைச் சேர்ந்த அமெடே பொல்லே என்பவர் 1873-ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் வண்டி ஒன்றைச் செய்தார். பன்னிரண்டு பேர் ஏறிச் செல்லக்கூடிய அந்த வண்டிக்கு, சொன்னபடி கேட்கும் வண்டி என்ற பொருளில் பெயர் வைத்தார். குதிரைகள் சொன்னபடி கேட்காமல் முரண்டு செய்த காலம் அது என்பதை நினைத்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். 1875-இல் அவர் அதை ஓட்டிக்கொண்டு பாரிஸ் நகரம் வரை போனார். ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தூரம்.

இப்படி மோட்டார் வண்டியின் வாசனை முன்பே படிந்திருந்த ஊர் என்பதால், 1906-இல் பிரெஞ்சு மோட்டார் கழகத்தின் முதல் கிராண்ட் பிரீ பந்தயத்தை லெ மான் சுற்றுவட்டாரச் சாலைகளில் நடத்த முடிவாயிற்று. அதற்காகவே உள்ளூர்க்காரர்கள் கூடி ஒரு மோட்டார் கழகம் அமைத்தார்கள். பின்னாளில் மேற்குப் பகுதி மோட்டார் கழகம் என்று பெயர் பெற்றது அதுதான். இன்றுவரை இருபத்து நான்கு மணி நேரப் பந்தயத்தை நடத்திவருவதும் அதுவே. 1906 பந்தயம் ஜூன் 26, 27 என இரண்டு பகல்கள் நடந்தது. ஒரு சுற்று 103 கிலோமீட்டர். முதல்நாள் ஓட்டம் முடிந்ததும் கார்களை ஓரிடத்தில் நிறுத்திக் காவல் போட்டுவிட்டார்கள்; இரவில் யாரும் தொட்டுப் பழுது பார்க்கக் கூடாது என்பது விதி. ஆக, அந்தப் பந்தயத்தில் கார்கள் இரவில் தூங்கின. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு செய்தியையும் சொல்லிவிடலாம். ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட், ஐரோப்பியர் நேரில் பார்க்கும்படி முதன்முதலாகப் பறந்து காட்டியது லெ மான் ஊருக்கு வெளியே இருந்த ஊனோதியேர் குதிரைப் பந்தயத் திடலில்தான். அது 1908 ஆகஸ்டு 8-ஆம் நாள். இரண்டு நிமிடம்கூட அவர் பறக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ரைட் ஓட்டலில் தங்காமல், விமானத்தை நிறுத்தியிருந்த கொட்டகையிலேயே அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அந்தத் திடலை ஒட்டிப் போகும் நேர்ச்சாலைதான் பின்னாளில் லெ மான் பந்தயத்தின் மிக வேகமான பகுதியாயிற்று. பந்தயத் திடலில் இரவு தங்கியவர்களில் முன்னோடி என்று அவரைச் சொன்னால் தவறில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

முதல் உலகப் போர் முடிந்தபின் கார் வாங்குவோர் தொகை பெருகியது. ஆனால் அந்நாளைய கார்களை நம்பி இரவில் வெளியே போக முடியாது. விளக்கு மங்கலாக எரியும், வழியில் அணைந்துபோகும். காலையில் எஞ்சின் கிளம்பாது. மழை பெய்தால் கூரைத் துணியை இழுத்து மாட்டுவதற்குள் உள்ளே இருப்பவர் நனைந்துவிடுவார். அக்காலப் பந்தயக் கார்களோ வேகத்திற்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் விளக்கும் இல்லை, கூரையும் இல்லை. அவற்றின் வெற்றியால் கடையில் கார் வாங்கிய சாதாரண மனிதருக்கு என்ன பயன்?

1922-ஆம் ஆண்டு பாரிஸ் மோட்டார் கண்காட்சியின்போது மூன்று பேர் இதைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் லெ மான் கழகத்தின் செயலாளர் ஜார்ஜ் துராண். மற்றவர் சார்ல் ஃபாரு என்ற பத்திரிகையாளர். மூன்றாமவர் சக்கரம் செய்யும் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளையைச் சேர்ந்த எமில் கோகீ. மக்கள் வாங்கும் வகைக் கார்களையே ஓட்ட வேண்டும், அதுவும் இருட்டில் ஓட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் எட்டு மணி நேரம், அதில் பாதி இரவு என்று பேச்சு எழுந்து, பிறகு அது இருபத்து நான்கு மணி நேரமாக வளர்ந்தது. ஆகவே இப்பந்தயத்தில் இரவு என்பது வேடிக்கைக்காகச் சேர்த்த ஒன்றாக இருக்கவில்லை. பரீட்சை எழுத வேண்டிய பாடமே அதுதான்.

விதிகளும் அதற்கேற்பவே இருந்தன. ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர், மாறி மாறி ஓட்டலாம். பழுது ஏற்பட்டால் காரிலேயே கொண்டுபோகும் கருவிகளை வைத்து ஓட்டுபவரே சரிசெய்துகொள்ள வேண்டும். 1924-இல் இன்னொரு விதியும் சேர்ந்தது: சில சுற்றுகள் முடிந்ததும் காரை நிறுத்தி, கூரைத் துணியை இழுத்து மாட்டி, அது பிய்ந்துபோகாமல் ஓட்டிக்காட்ட வேண்டும்.

முதல் பந்தயம் 1923 மே 26, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. ஒரு சுற்று 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எல்லாம் பொதுச் சாலைகள். பெரும்பகுதி தார் காணாதவை. தொடங்கும்போதே மழையும் ஆலங்கட்டியும் கொட்டின. முப்பத்து மூன்று கார்கள் புறப்பட்டன. அவற்றுள் முப்பது கார்கள் மறுநாள் மாலை வரை தாக்குப்பிடித்து ஓடின. அமைத்தவர்களே இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். செனார்-வால்க்கெர் என்ற பிரெஞ்சுக் கார் 2,209 கிலோமீட்டர் ஓடி முதலிடம் பெற்றது. சராசரி வேகம் மணிக்கு 92 கிலோமீட்டர்.

வென்ற காரைவிட, தோற்ற கார் ஒன்றின் கதைதான் சுவையானது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரே ஒரு பெண்ட்லி கார் அது. டஃப், கிளெமண்ட் என்ற இருவர் ஓட்டினார்கள். அதைச் செய்த பெண்ட்லி என்பவரே, இப்படியொரு பந்தயம் பைத்தியக்காரத்தனம் என்று எண்ணியவர். கடைசி நேரத்தில்தான் மனம் மாறிப் பார்க்க வந்தார். இரவில் கல் ஒன்று தெறித்து ஒரு விளக்கை உடைத்தது. ஒற்றைக் கண்ணோடு கார் ஓடியது. மறுநாள் இன்னொரு கல் பெட்ரோல் தொட்டியில் ஓட்டை போட்டுவிட்டது. நடுவழியில் கார் நின்றுபோக, டஃப் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் தூரத்தைக் காலால் கடந்து வந்து செய்தி சொன்னார். உடனே கிளெமண்ட் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, பெட்ரோல் டின்களைத் தூக்கிக்கொண்டு, எதிரே பந்தயக் கார்கள் சீறி வரும் அதே சாலையில் மிதித்துக்கொண்டு போனார். ஓட்டையை அடைத்துக் காரைக் கிளப்பி, இழந்த நேரத்தில் முடிந்ததைப் பிடித்து, நான்காம் இடத்தில் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அதே இருவர் விளக்குகளின் முன்னால் கம்பிவலை கட்டிக்கொண்டு வந்து முதலிடத்தைப் பெற்றார்கள். கல் படாமல் விளக்குக்கு வலை போடும் வழக்கம் இப்படிப் பட்டறிந்து வந்த பாடம்.

பார்க்க வந்தவர்களின் நிலை என்ன? பந்தயம் சூரியன் மறைந்ததும் முடிந்துவிடுவதாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதுவோ அப்போதுதான் சூடுபிடிக்கிறது. ஊரில் இருந்த விடுதிகள் அத்தனை பேருக்கும் போதா. சாலைகளில் பந்தயம் நடப்பதால் சுற்றின் உள்ளே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியவர் நினைத்தபோது வெளியே எடுக்கவும் முடியாது. எனவே காருக்குள்ளேயே சுருண்டு படுப்பது, காரின் ஓரத்தில் கித்தான் கட்டிப் படுப்பது, புல்லில் கம்பளம் விரித்துப் படுப்பது என்று தொடங்கியிருக்கிறார்கள். விழித்திருப்பவர்களுக்காக இசைக்குழுவும் உணவுக் கடைகளும் வந்தன; பின்னர் ராட்டினமும் சர்க்கஸ் கொட்டகையும் சேர்ந்தன. நம் ஊர்ப் பாசார் மாலாமும் திருவிழாவும் ஒன்றாகச் சேர்ந்தாற்போன்ற தோற்றம். ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குப் போக முடியாதவர்களுக்காக அங்கேயே பூசை நடத்தும் வழக்கமும் ஏற்பட்டது.

அக்காலத்தில் பந்தயத்தில் ஓட்டியவர்களிலும் பலர் அதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். 1927-இல் வென்ற இருவரில் பெஞ்சஃபீல்டு என்பவர் கிருமிகளை ஆராயும் மருத்துவர். டேவிஸ் என்பவர் பத்திரிகையாளர். அந்த ஆண்டு சனிக்கிழமை இரவு, வெள்ளை வீடு என்று பெயர் பெற்ற வளைவில் ஒரு கார் குறுக்கே நின்றுவிட, பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிந்தன. பெண்ட்லி நிறுவனத்தின் மூன்று கார்களும் அதில் சிக்கின. மூன்றாவதாக வந்த டேவிஸ், சாலையில் மண்ணும் மரத்துண்டுகளும் சிதறிக் கிடப்பதை விளக்கொளியில் கண்டு வேகத்தைக் குறைத்தார். அவரும் மோதினார், ஆனால் கார் ஓடும் நிலையில் இருந்தது. வளைந்த அச்சும் ஒற்றை விளக்குமாக விடியும்வரை ஓட்டி, மறுநாள் முதலிடம் பெற்றார்கள். லண்டனில் நடந்த வெற்றி விருந்திற்கு அந்தக் காரையும் அழைத்துக்கொண்டு போனார்கள். அதற்கு அன்று மரியாதை செய்யப்பட்டதைக் கேட்டால், ஆயுதபூசையன்று வண்டிக்குப் பொட்டு வைக்கும் நமக்கு வியப்பாக இராது.

இனி, நம் தோட்டங்களின் தொடர்புக்கு வருவோம்.

லெ மான் பந்தயத்தின் படத்தைப் பார்த்தவர்கள், சாலையின் குறுக்கே பாதி டயரைக் கவிழ்த்து வைத்தாற்போல் ஒரு நடைபாலம் நிற்பதைக் கவனித்திருக்கலாம். அதன்மீது டன்லப் என்று எழுதியிருக்கும். அந்த டன்லப் நமக்குப் புதிய பெயர் அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலாயாவில் நிலம் வாங்கிக் கித்தா நட்ட நிறுவனம் அது. நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கம் இருக்கும் கெட்டிஸ் தோட்டத்தின் பெயர், டன்லப் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஒரு வெள்ளைக்காரரின் பெயர்தான். 1980-களின் தொடக்கத்தில் அத்தோட்டங்கள் மலேசிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறின. அதுவரை அங்கே பால் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார் அந்தப் பாலத்தைக் கண்ணால் கண்டதில்லை. பால் கப்பலேறிப் போயிற்று என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்கர்களுக்கு ரப்பர் கிடைக்காமல் போயிற்று. எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார்கள். போர் முடிந்தும் அது நிற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் செயற்கை ரப்பர் இயற்கை ரப்பரை முந்திவிட்டது. விலை இறங்கி, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறிய கதையை நம் குடும்பங்களில் பலரும் அனுபவித்தே அறிவார்கள்.

அப்போது இயற்கை ரப்பருக்குக் கைகொடுத்தவற்றுள் ரேடியல் என்னும் புதுவகை டயரும் ஒன்று. பிரான்சின் மிச்சலின் நிறுவனம் 1946-இல் இதற்குக் காப்புரிமை பதிவு செய்தது. இதன் பக்கச் சுவர் மெல்லியது. ஓடும்போது அதிகம் வளைந்து கொடுக்க வேண்டும், ஆனால் சூடேறக் கூடாது. அதற்கு மரத்துப் பாலிலிருந்து வரும் ரப்பரே ஏற்றது. பழைய வகை டயரைவிட ரேடியலில் இயற்கை ரப்பரின் பங்கு கூடுதல். 1951-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் லான்சியா என்ற இத்தாலியக் கார் ஒன்று மிச்சலின் ரேடியல் டயர்களோடு ஓடி, தன் வகையில் முதலிடம் பெற்றது. இரவும் பகலும், மழையும் வெயிலும் தாங்கிய டயர் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. ஒரு பந்தயத்தால் நம் கூலி உயர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படி உயரவும் இல்லை. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனவர்களின் உழைப்பு, உலகின் இன்னொரு மூலையில் அதே விடியற்காலை இருட்டில் சோதிக்கப்பட்டது என்பது உண்மை.

இப்போது 1955-ஆம் ஆண்டின் துயரத்திற்கு வருகிறோம்.

அதைச் சொல்லுமுன் பியேர் லெவே என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1952 பந்தயத்தில் அவர் தம் டால்போ காரைக் கூட்டாளிக்குக் கொடுக்காமல் தாமே ஓட்டினார். சனிக்கிழமை மாலை ஏறியவர் இரவு முழுவதும் இறங்கவில்லை. பகலாயிற்று, உச்சிப்பொழுதும் கடந்தது, எல்லோரையும்விட வெகுதூரம் முன்னால் இருந்தார். பந்தயம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரமே இருக்கும்போது அவருடைய எஞ்சின் உடைந்தது. வெற்றி ஜெர்மனியின் மெர்சிடிஸ் நிறுவனத்துக்குப் போயிற்று. களைப்பில் கியரைத் தவறாகப் போட்டார் என்று சொல்வோரும் உண்டு. எஞ்சினிலேயே குறை இருந்தது என்போரும் உண்டு. அவர் உறுதியைக் கண்ட மெர்சிடிஸ், 1955-இல் தன் கார்களில் ஒன்றை அவரிடமே கொடுத்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் 11, சனிக்கிழமை. பந்தயம் தொடங்கி இரண்டரை மணி நேரம்கூட ஆகவில்லை. மாலை ஆறரை மணிக்குச் சற்று முன். முன்னால் ஓடிய ஜாகுவார் கார், எண்ணெய் நிரப்பும் இடத்தில் நிற்பதற்காக வேகத்தைக் குறைத்தது. அதன் பின்னால் வந்த ஆஸ்டின்-ஹீலி அதில் மோதாமலிருக்க இடப்பக்கம் ஒதுங்கியது. அதற்கும் பின்னால் மிகுந்த வேகத்தில் வந்த லெவேயின் கார் அதன்மேல் ஏறி, காற்றில் எழும்பி, பார்வையாளர்களுக்கும் சாலைக்கும் நடுவே இருந்த மண்மேட்டில் மோதிச் சிதறியது. எஞ்சினும் முன்னச்சும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. லெவே அங்கேயே இறந்தார். பார்வையாளர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; காயமுற்றோர் நூற்றுக்கும் அதிகம். மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிடக் கொடிய விபத்து நடந்ததில்லை.

அந்த மண்மேடு எப்படிப்பட்டது? ஆள் இடுப்பளவுக்குச் சற்று மேல் இருக்கும், அவ்வளவுதான். முதல் பந்தயத்தின் சராசரி வேகம் மணிக்கு 92 கிலோமீட்டர் என்றோம். 1955-இல் வென்ற காரின் சராசரி 172. முப்பத்திரண்டு ஆண்டுகளில் காரின் விளக்கு மாறியது, டயர் மாறியது, பிரேக் மாறியது. வேகம் கிட்டத்தட்ட இருமடங்காயிற்று. அந்தச் சாலையின் அகலமும் மக்கள் நிற்கும் இடமும் மட்டும் பழைய காலத்துக் கணக்கிலேயே இருந்தன. வண்டியைச் சோதிக்கத் தொடங்கிய பந்தயம், அதைப் பார்க்க நிற்பவரின் பாதுகாப்பைச் சோதிக்க மறந்துவிட்டது. விசாரணை நடந்தது, ஓட்டுநர் எவர்மீதும் குற்றம் இல்லை என்று முடிவாயிற்று. நமக்கென்னவோ, அந்த மண்மேடே குற்றவாளிக் கூண்டில் நின்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பந்தயத்தை நிறுத்தவில்லை. பந்தய நடத்துநராக இருந்தவர் 1922-இல் இந்த யோசனையைப் பேசிய அதே சார்ல் ஃபாரு. நிறுத்தினால் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே நேரத்தில் சாலைக்கு வருவார்கள். மருத்துவமனை வண்டிகள் போக முடியாது. காயமுற்றவர்கள் வழியிலேயே இறப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். சரியா தவறா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள். இரவு தங்கக் கூடாரத்தோடு வந்த கூட்டம், தங்கிய இடத்திலேயே இருந்ததால்தான் வண்டிகளுக்கு வழி கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. அதே சமயம், பதின்மூன்று கிலோமீட்டர்ச் சுற்றின் மறுகோடியில் இருந்தவர்கள் பலர், நடந்தது இன்னதென்று தெரியாமலே அந்த இரவைக் கழித்தார்கள். இங்கே சடலங்கள் கிடக்க, அங்கே ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. ஞாயிறு விடியற்காலை இரண்டு மணி நெருங்கும்போது, ஜெர்மனியிலிருந்து வந்த உத்தரவுப்படி மெர்சிடிஸ் நிறுவனம், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த காரையும் நிறுத்திவிட்டு ஊர் திரும்பியது. பந்தயம் மறுநாள் மாலை நான்கு மணி வரை நடந்து முடிந்தது.

இதன் பிறகு பல நாடுகள் மோட்டார் பந்தயத்தைச் சில காலம் நிறுத்திவைத்தன. சுவிட்சர்லாந்து பல பத்தாண்டுகளுக்குத் தடையே போட்டுவிட்டது. லெ மான் கழகம் எண்ணெய் நிரப்பும் கட்டடத்தை இடித்துப் பின்தள்ளிக் கட்டியது, சாலையை அகலப்படுத்தியது, பார்வையாளர் மேடையைத் தள்ளி வைத்தது. வேலை முடியாததால் 1956 பந்தயம் ஜூலைக் கடைசியில்தான் நடந்தது. ஒருவரே நாள் முழுவதும் ஓட்டுவதற்கும் தடை வந்தது. இப்போது ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர். ஊனோதியேர் நேர்ச்சாலையில் 1988-இல் ஒரு கார் மணிக்கு 405 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. வேகத்தைக் கட்டுப்படுத்த 1990-இல் அச்சாலையின் நடுவே இரண்டு இடங்களில் நெளிவுகள் போடப்பட்டன.

கூடாரங்கள் மட்டும் குறையவில்லை. இப்போது கழகமே கூடாரத் திடல்களை ஒதுக்கி, எண் போட்டு வாடகைக்கு விடுகிறது. பந்தயத்துக்குச் சில நாள்கள் முன்பே வந்து இடம் பிடித்து, கொடி நட்டு, அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருப்போர் ஏராளம். இங்கிலாந்திலிருந்து கார்க் கழகத்தினர் அணிவகுத்துக் கப்பலில் கடல் தாண்டி வருவார்கள். தந்தையோடு சிறு வயதில் வந்தவர்கள், இன்று பேரப் பிள்ளைகளோடு அதே திடலில் கூடாரம் அடிக்கிறார்கள். பந்தயம் தொடங்கி நூறாண்டு நிறைவுற்ற 2023-இல் மூன்று இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் கூடினார்கள்.

2002 முதல் லெ மான் கிளாசிக் என்ற பெயரில் பழைய கார்களின் விழாவும் நடைபெறுகிறது. அதில் 1920-களின் கார்கள் முதற்கொண்டு, காலவாரியாகப் பிரித்து, அதே சுற்றில் இரவிலும் பகலிலும் ஓட்டுகிறார்கள். பல நாட்டுக் கார்க் கழகங்களின் உறுப்பினர்கள் தங்கள் பழைய வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து, பக்கத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கி, தங்களுக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் அந்தப் புகழ்பெற்ற சாலையில் தாங்களே ஓட்டிப் பார்க்கிறார்கள். பட்டறையில் ஆண்டு முழுவதும் கை அழுக்காகப் பழுது பார்த்த வண்டி, இருட்டில் விளக்கு அணையாமல் ஒரு சுற்று வந்துவிட்டால் அவர்களுக்கு அதுவே பெரும்பேறு. 1923-இல் டஃப்பும் கிளெமண்டும் பட்ட கவலை இதுதானே!

நம் நாட்டிலும் இந்த வழக்கத்தின் கிளை உண்டு. 1999-இல் திறக்கப்பட்ட செப்பாங் பந்தயத் திடலில், 2000-ஆம் ஆண்டு தொடங்கிப் பன்னிரண்டு மணி நேர மெர்டேக்கா பந்தயம் பலமுறை நடந்திருக்கிறது. அதிலும் இரவு ஓட்டம் உண்டு. லெ மான் பெயரைத் தாங்கிய ஆசியப் பந்தயத் தொடரும் அங்கே வந்திருக்கிறது.

லெ மான் திடலில் படுத்திருப்பவர்களுக்கு நடுநிசிக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிடுமாம். கூடாரத்துக்குள் கண்ணை மூடியபடியே, ஓசையைக் கொண்டு இன்ன கார் போகிறது என்று சொல்வார்கள். தினமும் கேட்ட ஓசை ஒன்று திடீரென்று வராமற்போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மழை தூறினாலும் டயரின் ஓசை மாறுவதைக் கொண்டே தெரிந்துவிடும். ஜூன் மாதத்தில் அங்கே இரவு குறுகியது. ஒன்பதரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், ஆறு மணிக்குள் விடிந்துவிடும். பனியில் நனைந்த கித்தானை உதறிவிட்டு, காப்பி வைத்துக் குடித்துக்கொண்டு, எந்தெந்தக் கார் இரவைத் தாண்டியது என்று பட்டியலைப் பார்ப்பார்கள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கொடி விழும். கூடாரங்கள் இறங்கும். அடைத்து வைத்த சாலைகளைத் திறந்துவிடுவார்கள். ஊனோதியேர் நேர்ச்சாலை மறுபடியும் லெ மானிலிருந்து தூர் நகரத்துக்குப் போகும் பொதுச் சாலையாகிவிடும். காய்கறி லாரிகளும் வேலைக்குப் போகிறவர்களின் கார்களும், வேக வரம்புப் பலகையைப் பார்த்து மெதுவாக, சிவப்பும் வெள்ளையும் பூசிய ஓரக்கற்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கும்.